மதுச் சட்டம் பலன் தந்ததா? ஸ்காட்லாந்து கணக்கை வைத்து அளக்கக் கற்போம்

ஸ்காட்லாந்தில் 2018 மே 1 முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டான 2017-இல் மதுவால் மட்டுமே வரும் நோய்களால் இறந்தவர்கள் 1,120 பேர். 2022-இல் அதே கணக்கு 1,276. இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்ப்பவர் சட்டம் தோற்றுவிட்டது என்றுதான் சொல்வார். ஆனால் அந்தச் சட்டத்தை முறையாக ஆராய்ந்தவர்கள், 2020 முடிய உள்ள காலத்தில் இவ்வகைச் சாவுகள் 13.4% குறைந்ததாகச் சொன்னார்கள்.

இரண்டுமே உண்மையான எண்கள்தான். முதல் கணக்கு "போன தடவையை விடக் கூடியதா?" என்று கேட்கிறது. இரண்டாவது கணக்கு "சட்டம் வராமல் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்?" என்று கேட்கிறது. சட்டத்தின் பலன் என்பது இந்த இரண்டாவது கேள்விக்கான பதில். அதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் படிப்படியாகச் சொல்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடங்களைப் பலமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவற்றையும் அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை: சட்டங்கள் அமலுக்கு வந்த தேதிகள், மாத வாரியான விற்பனை அளவு, மாத வாரியான அல்லது காலாண்டு வாரியான சாவு மற்றும் மருத்துவமனைச் சேர்க்கை, வயது வாரியான மக்கள்தொகை, ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் இடத்தின் இதே விவரங்கள். கோட்டுப்படம் போடும் வேலை முடிய எக்செல் போதும். ஒன்பதாம் படிக்கு மட்டும் ஆர் (R) அல்லது பைத்தான் போன்ற நிரல்மொழி தேவைப்படும்.

1. தரவைத் தொடுவதற்கு முன் கேள்வியை எழுதிவையுங்கள்

எந்தச் சட்டம், எந்தத் தேதியிலிருந்து, யாரிடம், எதை, எவ்வளவு காலத்துக்குள் மாற்ற வேண்டும்? இதை ஒரே வாக்கியமாக எழுதித் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக: "2018 மே முதல் நடப்பில் உள்ள குறைந்தபட்ச விலை, ஸ்காட்லாந்தில் மதுவால் மட்டுமே வரும் சாவுகளை, மூன்று ஆண்டுகளுக்குள், இங்கிலாந்தோடு ஒப்பிடும்போது குறைத்ததா?"

இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கையில் இருபது அளவுகோல் இருந்தால் அவற்றில் ஒன்றிரண்டு தற்செயலாகவே குறைந்திருக்கும். தரவைப் பார்த்த பிறகு கேள்வி எழுதினால், குறைந்ததைச் சுற்றியே கேள்வி அமைந்துவிடும். யாரையும் ஏமாற்ற நினைக்காதவர்களுக்கும் இது நேரும்.

"நாட்டின் மதுக் கொள்கை பலன் தந்ததா" என்று மொத்தமாகக் கேட்கவும் வேண்டாம். கொள்கை என்பது பத்து சட்டங்களின் மூட்டை. அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

2. சட்ட நாட்குறிப்பு ஒன்று தயாரியுங்கள்

ஒரு தாளில் காலக்கோடு போட்டு, மதுவைத் தொடும் எல்லா மாற்றங்களையும் தேதியோடு குறியுங்கள். ஸ்காட்லாந்துக்கு என் நாட்குறிப்பில் இருப்பவை: 2011 அக்டோபரில் கடைகளில் மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி தருவதற்குத் தடை. 2012-இல் குறைந்தபட்ச விலைச் சட்டம் நிறைவேற்றம். 2014 டிசம்பர் 5-இல் வாகனம் ஓட்டுவோருக்கான ரத்த மது வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைப்பு. 2017 நவம்பரில் அந்தச் சட்டம் செல்லும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2018 மே 1-இல் அமல். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம். 2024 செப்டம்பர் 30-இல் குறைந்தபட்ச விலை உயர்வு.

சட்டம் நிறைவேறியது 2012. அமலானது 2018. நடுவில் ஆறு ஆண்டுகள் வழக்கில் போயின. புதியவர்கள் இணையத்தில் சட்டத்தின் பெயரைத் தேடுவார்கள். பெயரிலேயே 2012 என்று இருக்கும். கோட்டை அங்கே போட்டுவிடுவார்கள். அந்த ஆறு ஆண்டும் சட்டத்துக்குப் பிந்தைய காலமாகிவிடும், கணக்கு மொத்தமும் வீண். கடைக்காரர் விலைச்சீட்டை மாற்றிய நாள் எதுவோ அதுதான் உங்கள் தேதி.

இரண்டாவது, அடுத்தடுத்து வரும் மாற்றங்களைப் பாருங்கள். பின்லாந்து இதற்கு நல்ல பாடம். 2004 ஜனவரி 1-இல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து பயணிகள் கொண்டுவரும் மதுவுக்கான அளவுக் கட்டுப்பாடு நீங்கியது. மார்ச் 1-இல் மது வரி சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. மே 1-இல் எஸ்தோனியா ஒன்றியத்தில் சேர்ந்தது. கப்பலில் போய் மலிவாக வாங்கிவர வழி திறந்தது. அதன் பிறகு மது தொடர்பான சாவுகள் கூடியது தெளிவு. ஆனால் மூன்றில் எது எவ்வளவு கூட்டியது என்று ஆண்டுக் கணக்கை வைத்துப் பிரிக்கவே முடியாது. இப்படி நெருங்கி வந்தவற்றை ஒரே மாற்றமாக எழுதுங்கள். வரிக்குறைப்பின் விளைவு என்று தலைப்புப் போடாதீர்கள்.

3. சட்டம் எந்த வழியில் வேலை செய்ய வேண்டும் என்று வரையுங்கள்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் அதிகம் கைவிடப்படுவது இந்தப் படிதான். சட்டம் நேராகப் போய் சாவைக் குறைப்பதில்லை. முதலில் விலை மாற வேண்டும், அப்புறம் வாங்கும் அளவு, அப்புறம் குடிக்கும் அளவு, அப்புறம் நோய், கடைசியில் சாவு. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஓர் அளவுகோல் வையுங்கள். ஒரு கண்ணி அறுந்திருந்தால் அதற்குப் பிந்தைய மாற்றத்தைச் சட்டத்தின் கணக்கில் எழுத முடியாது.

ஸ்காட்லாந்தின் சட்டம் ஓர் அலகு மதுவுக்கு 50 பென்ஸுக்குக் கீழே விற்கக் கூடாது என்றது. அங்கே ஓர் அலகு என்றால் 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால். இனி ஒரே ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்வோம்: 7.5% வலுவுள்ள மலிவான சைடர் (ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது), 3 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். 3,000 மில்லியில் 7.5% என்றால் 225 மில்லி தூய ஆல்கஹால், அதாவது 22.5 அலகு. 50 பென்ஸால் பெருக்கினால் 11 பவுண்ட் 25 பென்ஸ். சட்டத்துக்கு முன் இந்த மாதிரி பாட்டிலை அதில் பாதி கூடக் கொடுக்காமல் வாங்க முடிந்தது. அடுத்து 700 மில்லி வோட்கா, 37.5% வலு. 26.25 அலகு, குறைந்தபட்சம் 13 பவுண்ட் 13 பென்ஸ். இதன் விலை கொஞ்சம்தான் ஏறியிருக்கும். மதுக்கூடத்தில் ஊற்றித் தரும் பியர் ஏற்கெனவே அந்த வரம்புக்கு மேலே விற்றது; அதன் விலை அசையவே தேவையில்லை.

இந்தச் சின்னக் கணக்கிலேயே எங்கே பார்க்க வேண்டும் என்பது வந்துவிட்டது. கடை விற்பனையைப் பாருங்கள், அதிலும் சைடரையும் மலிவு ஸ்பிரிட்டையும் (வோட்கா போன்ற காய்ச்சி வடித்த மது) பாருங்கள். மதுக்கூட விற்பனை மட்டும் குறைந்து சைடர் விற்பனை அப்படியே இருந்தால், குறைவுக்கு வேறு காரணம் இருக்கிறது என்று அர்த்தம். உண்மையில் நடந்தது எதிர்பார்த்தபடிதான்: முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு வயதுவந்தவருக்கான மொத்த விற்பனை 3% குறைந்தது, கடை விற்பனை 3.6% குறைந்தது, குறைவில் பெரும்பங்கு சைடரும் ஸ்பிரிட்டும்.

அமலாக்கமும் ஒரு கண்ணிதான். 2014-இல் குறைத்த வாகன மது வரம்பை நினைவில் வையுங்கள். இங்கிலாந்து, வேல்ஸோடு ஒப்பிட்டபோது அந்தச் சட்டத்தால் சாலை விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. சாலையோரச் சோதனை கூடவில்லை என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. சட்டப் புத்தகத்தில் எண் மாறுவது வேறு, மடக்கி ஊதச் சொல்வது வேறு. எத்தனை சோதனை, எத்தனை வழக்கு, எத்தனை உரிமம் ரத்து என்பதையும் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. விற்பனையைத் தூய ஆல்கஹால் லிட்டருக்கு மாற்றுங்கள்

பணத்தில் அளக்காதீர்கள். பெட்டிக் கணக்கிலும் அளக்காதீர்கள்.

நம்மூரில் இந்தத் தவறு ஆண்டுதோறும் நடக்கிறது. தீபாவளி முடிந்ததும் டாஸ்மாக் விற்பனை இத்தனை கோடி ரூபாய் என்று செய்தி வரும். போன ஆண்டை விடக் குடி கூடிவிட்டது என்ற முடிவும் கூடவே வரும். விலை ஏறினாலே அந்த எண் ஏறிவிடும். குடித்த அளவு குறைந்த ஆண்டிலும் கோடிகள் கூடலாம்.

மாற்றும் முறை எளிது: அளவை வலுவால் பெருக்குங்கள். 650 மில்லி பியர், 5% வலு என்றால் 32.5 மில்லி. 180 மில்லி குவார்ட்டர் பிராந்தி, 42.8% வலு என்றால் சுமார் 77 மில்லி. பாட்டில் எண்ணிக்கையில் இரண்டும் ஒன்று. ஆல்கஹாலில் ஒன்று மற்றதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஒரு சட்டம் மக்களைப் பிராந்தியிலிருந்து பியருக்கு நகர்த்தினால் பாட்டில் கணக்கு கூடும், ஆல்கஹால் குறையும்.

கிடைத்த மொத்தத்தை 15 வயதுக்கு மேற்பட்டோர் எண்ணிக்கையால் வகுங்கள். உலக சுகாதார நிறுவனம் இப்படித்தான் கணக்கிடுகிறது. அப்போதுதான் மற்ற நாடுகளோடு வைத்துப் பார்க்க முடியும். மக்கள்தொகை திருத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். லிதுவேனியா போல வெளியேற்றத்தால் மக்கள்தொகை வேகமாகச் சுருங்கிய நாட்டில், பழைய மக்கள்தொகையால் வகுத்தால் குடி குறைந்ததாகப் பொய்யாகத் தெரியும்.

கலால் துறைத் தரவு என்றால் இன்னோர் எச்சரிக்கை. வரி கட்டிச் சரக்கு கிடங்கை விட்டு வெளியேறிய தேதிதான் அதில் இருக்கும். வரி உயரப் போகிறது என்று தெரிந்தால் வியாபாரிகள் முந்தைய மாதமே சரக்கை எடுத்துக் குவிப்பார்கள். அந்த மாதம் மலைபோல் ஏறும், அடுத்த மாதம் பள்ளம். அதைப் பார்த்து "சட்டம் வந்த மாதமே பாதியாகக் குறைந்தது" என்று எழுதியவர்கள் உண்டு. அமலுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று மாதங்களைத் தனியாகக் குறித்து, அவற்றை நீக்கிவிட்டும் ஒருமுறை கணக்குப் போடுங்கள்.

5. கணக்கில் வராத மதுவைத் தேடுங்கள்

விற்பனைக் கணக்கு என்பது சட்டப்படி விற்றது மட்டும். வீட்டில் காய்ச்சியது, எல்லை தாண்டி வந்தது, கடத்தியது எதுவும் அதில் இல்லை. சட்டம் கடுமையாக ஆக ஆக இந்தப் பகுதி பெருகக்கூடும் என்பதால் இதை விட்டுவிட்டு முடிவு சொல்வது நேர்மையாகாது.

சோவியத் ஒன்றியத்தில் 1985 மே மாதம் கோர்பச்சேவ் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தை எடுங்கள். 1984-க்கும் 1987-க்கும் நடுவே அரசு விற்பனை பாதிக்கும் கீழே போனது. அதே காலத்தில் சர்க்கரை கடைகளிலிருந்து காணாமல் போய்ப் பங்கீட்டுக்கு வந்தது, சர்க்கரை சாராயமாகிக்கொண்டிருந்தது. அலெக்சாண்டர் நெம்ட்சோவ் என்ற ஆய்வாளர், பிரேதப் பரிசோதனைத் தரவுகள் போன்றவற்றைக் கொண்டு உண்மையான குடியை மதிப்பிட்டார். அது சுமார் கால் பங்குதான் குறைந்திருந்தது. அதுவும் சிறிய விஷயம் இல்லை. ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் அந்த மூன்று ஆண்டுகளில் சுமார் மூன்று ஆண்டுகள் கூடியது. ஆனால் அரசு விற்பனையை மட்டும் நம்பியவர் பலனை இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக்கியிருப்பார்.

ஆகவே மறைமுகத் தடயங்களைச் சேருங்கள்: சர்க்கரை, வெல்லம், ஈஸ்ட் விற்பனை, மெத்தனால் விஷச் சாவுகள், பிடிபட்ட கள்ளச்சாராயம், எல்லையோரக் கடைகளின் விற்பனை. பிடிபட்ட அளவைக் கவனமாகக் கையாளுங்கள். அது கூடினால் காய்ச்சுவது கூடியிருக்கலாம், காவல்துறை சுறுசுறுப்பாகியிருக்கலாம். சோதனைகளின் எண்ணிக்கை தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இலங்கையில் கசிப்பையும் தமிழ்நாட்டில் கள்ளச்சாராயத்தையும் விட்டுவிட்டு எந்தச் சட்டத்தையும் அளக்க முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்கள் குடித்த அந்தச் சாராயம் எந்த விற்பனைப் பதிவேட்டிலும் ஒரு சொட்டாகக்கூட இல்லை.

6. சாவையும் நோயையும் எண்ணும் முறையை முடிவு செய்யுங்கள்

"மதுவால் சாவு" என்பதற்கு மூன்று நான்கு வரையறைகள் இருக்கின்றன. மதுவால் மட்டுமே வரக்கூடியவை ஒரு வகை: மதுவால் வரும் கல்லீரல் நோய், மதுச் சார்பு, மது விஷம். மது ஓரளவு காரணமாக இருப்பவை இன்னொரு வகை: சில புற்றுநோய்கள், பக்கவாதம், விபத்து. முதல் வகை குறுகலானது, ஆனால் சுத்தமானது. தொடங்குபவர்கள் அதையே எடுங்கள்.

வரையறை நடுவில் மாறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிரிட்டனில் 2017-இல் இந்த வரையறை மாற்றப்பட்டது. பழைய வரிசையையும் புதிய வரிசையையும் ஒட்டவைத்தால் ஒட்டிய இடத்தில் ஒரு படி தெரியும். ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு மாணவி அந்தப் படியைச் சட்டத்தின் விளைவு என்று நம்பி இரண்டு வாரம் உழைத்துவிட்டாள். அட்டவணையின் அடிக்குறிப்பில் அந்த மாற்றம் ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. அப்போதிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது: எண்களுக்கு முன் அடிக்குறிப்பைப் படியுங்கள்.

அடுத்தது தேதி. இறந்த தேதியா, பதிவான தேதியா? ஸ்காட்லாந்தில் எட்டு நாளுக்குள் சாவைப் பதிய வேண்டும். இங்கிலாந்தில் மரண விசாரணைக்குப் போகும் சாவுகள் பதிவாக மாதக்கணக்கில் ஆகும். இரண்டையும் பதிவுத் தேதியில் வைத்து மாத வாரியாக ஒப்பிட்டால் பொருந்தாது.

எவ்வளவு காலம் காத்திருப்பது? கல்லீரல் நோய் இருபது ஆண்டுக் குடியின் விளைவு, அதனால் இருபது ஆண்டு கழித்துத்தான் பலன் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நோய் முற்றியவர் கடைசிக் கட்டத்தில் தொடர்ந்து குடிக்கிறாரா, குறைக்கிறாரா என்பதைப் பொறுத்து அவருடைய சாவு தள்ளிப்போகும். அதனால் ஒரு பகுதி உடனேயே குறையும், மீதி மெதுவாக வரும். ஸ்காட்லாந்தில் குறைந்ததும் பெரும்பாலும் நாட்பட்ட நோய்ச் சாவுகள்தான்.

இந்தியாவுக்கு இதைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பதிவாகும் சாவுகளில் சுமார் ஐந்தில் ஒன்றுக்குத்தான் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று தருகிறார். அந்தப் பங்கு கூடிக் குறைவதே உங்கள் கோட்டை ஆட்டிவிடும். சாவைவிட அரசு மருத்துவமனைச் சேர்க்கை, இரவு நேர விபத்து போன்றவற்றை முதன்மையாக வைப்பது நல்லது.

7. சட்டத்துக்கு முந்தைய காலத்தை மட்டும் வரைந்து பாருங்கள்

குறைந்தது மூன்று ஆண்டுகள், முடிந்தால் ஐந்தாறு ஆண்டுகள், மாத வாரியாக. சட்டத் தேதிக்குப் பிந்தைய பகுதியைத் தற்போதைக்கு மறைத்துவிடுங்கள்.

கோடு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்ததா? அப்படியென்றால் சட்டத்துக்குப் பிறகும் இறங்குவது அதிசயம் இல்லை. டிசம்பரில் ஏறி ஜனவரியில் இறங்குகிறதா? அப்படியென்றால் டிசம்பரை டிசம்பரோடுதான் ஒப்பிட வேண்டும். நடுவில் விளக்கமில்லாத பள்ளம் இருந்தால் நாட்குறிப்புக்குத் திரும்பிப் போங்கள், எதையோ விட்டிருப்பீர்கள்.

8. ஒப்பிட ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

சட்டம் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் பார்த்ததில்லை. அதற்கு மிக அருகில் இருப்பது, அதே வானிலை, அதே பொருளாதாரம், அதே தொலைக்காட்சி, அதே பண்டிகை உள்ள, ஆனால் அந்தச் சட்டம் இல்லாத பக்கத்து இடம்.

கையாலேயே செய்து பார்ப்போம். பிரிட்டன் முழுவதிலும் மதுவால் மட்டுமே வரும் சாவுகள் 2017-இல் 7,697, 2022-இல் 10,048. இவற்றிலிருந்து ஸ்காட்லாந்தின் 1,120-ஐயும் 1,276-ஐயும் கழியுங்கள். மீதிப் பகுதியில் 6,577 என்பது 8,772 ஆனது. அதாவது 33% உயர்வு. ஸ்காட்லாந்தில் உயர்வு 14%. ஸ்காட்லாந்தும் அதே வேகத்தில் ஏறியிருந்தால் 2022-இல் சுமார் 1,494 பேர் இறந்திருப்பார்கள். இறந்தவர்கள் 1,276. இடைவெளி 218 பேர், சுமார் 15%.

கட்டுரையின் தொடக்கத்தில் தோல்வி போலத் தெரிந்த அதே எண்கள்தான் இவை. 2020-இல் பொதுமுடக்கம் வந்து வீட்டுக்குள் குடிப்பது கூடியது. அது எல்லையின் இரண்டு பக்கத்தையும் அடித்தது. ஒப்பீடு இல்லாதவர் அந்த ஏற்றம் முழுவதையும் சட்டத்தின் தலையில் கட்டிவிடுவார்.

சரி, இந்தக் கணக்கில் குறை எங்கே? "மீதிப் பகுதி"க்குள் வேல்ஸ் இருக்கிறது. வேல்ஸும் 2020 மார்ச்சில் இதே குறைந்தபட்ச விலையைக் கொண்டுவந்துவிட்டது. சட்டம் இல்லாத இடம் என்று நாம் எடுத்ததில் ஒரு பகுதிக்குச் சட்டம் இருக்கிறது. சிறிய பகுதி என்பதால் எண் அதிகம் மாறாது, ஆனால் முறைப்படி இங்கிலாந்தை மட்டும் எடுப்பதே சரி. ஆய்வாளர்களும் அதைத்தான் செய்தார்கள்.

இன்னொரு குறை: அடிப்படை ஆண்டு. 2017-க்குப் பதில் 2018-ஐ எடுத்தால் (ஸ்காட்லாந்து 1,136, பிரிட்டன் 7,551) இடைவெளி 15%-இலிருந்து 18% ஆகிவிடுகிறது. ஓர் ஆண்டை மாற்றியதற்கே மூன்று புள்ளி. ஒற்றை ஆண்டை ஒற்றை ஆண்டோடு ஒப்பிடும் எந்த முடிவையும் நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அடுத்த படிக்கான தேவையும் இங்கேதான் பிறக்கிறது.

9. இடைமறித்த காலத்தொடர் முறையில் கணக்கிடுங்கள்

பெயர் மிரட்டும், யோசனை எளிது. சட்டத்துக்கு முந்தைய எல்லா மாதங்களையும் வைத்து ஒரு போக்கைக் கண்டுபிடியுங்கள். அதைச் சட்டத்துக்குப் பிந்தைய மாதங்களுக்கு நீட்டுங்கள். உண்மையான எண்கள் அந்த நீட்சிக்கு எவ்வளவு கீழே அல்லது மேலே இருக்கின்றன என்று அளவிடுங்கள். ஒப்பீட்டு இடத்துக்கும் இதையே செய்து, இரண்டின் வித்தியாசத்தை எடுங்கள்.

இரண்டு வகை மாற்றத்தைத் தனித்தனியாகப் பாருங்கள்: சட்டம் வந்ததும் கோடு ஒரேயடியாக இறங்கியதா, அதன் சாய்வு மாறியதா. விலைச் சட்டத்தில் முதலாவதை எதிர்பார்க்கலாம். விளம்பரத் தடை, வயது வரம்பு போன்றவற்றில் இரண்டாவது.

ஆண்டுதோறும் அதே மாதங்களில் வரும் ஏற்ற இறக்கத்தை உங்கள் கணக்கு மாதிரிக்குள் (model) சேருங்கள். பக்கத்து மாதங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் என்பதையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் விடை கிட்டத்தட்ட அதேதான் வரும், ஆனால் நிச்சயமின்மை பொய்யாகக் குறுகிவிடும். ஒன்றுமில்லாததைக் கண்டுபிடித்ததாகத் தோன்றும். முன்னே மூன்று ஆண்டுகளும் பின்னே குறைந்தது 24 மாதங்களும் இல்லையென்றால் இந்த முறைக்குள் இறங்க வேண்டாம். ஸ்காட்லாந்துச் சாவு ஆய்வு 2012 முதல் 2020 வரை எடுத்தது. அதில் சட்டத்துக்குப் பிந்தையது 32 மாதங்கள்.

10. வந்த விடையை உடைத்துப் பாருங்கள்

தேதியைப் பொய்யாக மாற்றுங்கள். சட்டம் 2016 மேயில் வந்தது என்று வைத்துக் கணக்கிடுங்கள். அப்போதும் "பலன்" தெரிந்தால் உங்கள் மாதிரி எங்கே பார்த்தாலும் பலன் காணும் மாதிரி.

சட்டம் தொடவே முடியாத ஒன்றை அளவுகோலாக வையுங்கள். குடல்வால் அழற்சிக்கான சேர்க்கை போல. அதுவும் குறைந்தால், மருத்துவமனைப் பதிவிலோ படுக்கை எண்ணிக்கையிலோ ஏதோ மாறியிருக்கிறது.

பொதுமுடக்க மாதங்களை நீக்கி ஒருமுறை, ஒப்பீட்டு இடத்தை மாற்றி ஒருமுறை. நான்கைந்து தடவையும் விடை ஒரே பக்கம் சாய்ந்தால் அதை வெளியே சொல்லலாம்.

11. யாருக்குக் குறைந்தது, யாருக்குக் குறையவில்லை?

சராசரியோடு நிறுத்துபவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள். வயது, பால், வசிப்பிடத்தின் ஏழ்மை என்று பிரித்து அதே கணக்கை ஓட்டுங்கள். ஸ்காட்லாந்தில் அதிகம் பயன்பெற்றவை மிகவும் பின்தங்கிய பகுதிகள். மதுச் சாவு அதிகம் விழுவதும் அங்கேதான் என்பதால் இந்தக் கண்டுபிடிப்பு மொத்தச் சதவீதத்தை விட முக்கியமானது என்பேன்.

அதே நேரம், மதுவைச் சார்ந்தே வாழும் நோயாளிகளிடம் பேசிய ஆய்வுகள் வேறொன்றைச் சொல்லின. அவர்களில் சிலர் குடியைக் குறைக்கவில்லை. சாப்பாட்டிலும் மின்கட்டணத்திலும் குறைத்துக்கொண்டார்கள். எந்த விற்பனைக் கோட்டிலும் இது தெரியாது. கேட்டால்தான் தெரியும். அதனால் எண்களோடு சிகிச்சை மையங்களில் இருப்பவர்களிடம் நேரில் பேசுவதையும் வேலைத் திட்டத்தில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். கடைசியில் சேர்க்கலாம் என்று வைத்தால் அது நடப்பதில்லை.

12. எண்ணை அதன் எல்லையோடு எழுதுங்கள்

13.4% என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த ஆய்வின் 95% நம்பக எல்லை, அதாவது உண்மையான குறைவு இருக்கக்கூடிய வீச்சு, 8.3 முதல் 18.4 வரை. மருத்துவமனைச் சேர்க்கை 4.1% குறைந்தது, ஆனால் அதன் எல்லை பூஜ்யத்தைத் தொட்டுக் கடக்கிறது. அதனால் "குறைந்திருக்கக்கூடும்" என்றுதான் எழுத வேண்டும். சாவில் உறுதி, சேர்க்கையில் அவ்வளவு உறுதி இல்லை. இரண்டையும் ஒரே தொனியில் எழுதினால் ஒரு நாள் இரண்டையுமே யாரும் நம்பமாட்டார்கள்.

சதவீதத்தோடு தலைக்கணக்கும் கொடுங்கள். 13.4% என்பது ஆண்டுக்குச் சுமார் 156 பேர். படிப்பவருக்கு அந்த 156 பேர்தான் புரியும்.

13. கோப்பை மூடாதீர்கள்

சட்டத்தின் பலன் அப்படியே நிற்பதில்லை. 50 பென்ஸ் என்ற விலை பல ஆண்டுகளாக மாறவே இல்லை. மற்ற விலைவாசி ஏற ஏற அதன் பிடி தளர்ந்தது. விலை சார்ந்த எந்தச் சட்டத்துக்கும் பணவீக்கம் நீக்கிய மதிப்பை ஆண்டுதோறும் அட்டவணையில் ஒரு நெடுவரிசையாக எழுதி வாருங்கள். 2018-இன் பலனை 2023-க்கும் அப்படியே நீட்டாதீர்கள்.

2024 செப்டம்பர் 30 முதல் விலை 65 பென்ஸ். அந்த 3 லிட்டர் சைடர் பாட்டில் இப்போது குறைந்தபட்சம் 14 பவுண்ட் 63 பென்ஸ். 2023-இல் 1,277 ஆக இருந்த சாவுகள் 2024-இல் 1,185 ஆகக் குறைந்தன. உடனே கோடு போட்டுவிடத் தோன்றும். ஆனால் 2024-இன் பன்னிரண்டு மாதங்களில் புதிய விலை இருந்தது கடைசி மூன்றில்தான். நாட்குறிப்பில் தேதியைக் குறித்துவிட்டு, கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதிவைத்துவிட்டு, இங்கிலாந்தின் மாதக் கணக்கைப் பக்கத்தில் சேர்க்கத் தொடங்குங்கள். முதல் கணக்குப் போடுவதற்கு 2026-இன் கடைசி வரையாவது மாதங்கள் சேர வேண்டும்.